இதயம் நின்று மீண்டவர் கண்ட காட்சி மறுமைக்குச் சான்றாகுமா?

படிக்கும் மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தொரு வயதான உங்கள் அப்பாவுக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே இதயம் நின்றுபோனது. மார்பை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்து மீட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் குழாய் எடுக்கப்பட்டுப் பேச்சு வந்ததும் அவர் உங்களிடம் ஒன்று சொன்னார்: சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் கிணற்றடியில் நின்றிருந்தாராம். விடியற்காலை வெளிச்சம்போல எங்கும் பரவியிருந்ததாம். எப்போதோ இறந்துபோன அவருடைய அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டே, "இப்போது வராதே, போ" என்றாராம். ஒன்பதாம் நாள் அப்பா காலமாகிவிட்டார். அவர் உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தாரா என்று கேட்கிறீர்கள். உங்கள் சித்தப்பா அதை மருந்து மயக்கம் என்கிறார். அத்தை, ஆற்றல் அழியாது என்று அறிவியலே சொல்கிறது, உயிரும் அப்படித்தான் என்கிறார்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருந்தவள். நின்ற இதயங்களின் மேல் கை வைத்து அழுத்தியிருக்கிறேன். மறுபடி துடித்தவை குறைவு. அப்படி மீண்டவர்களில் சிலர் உங்கள் அப்பாவைப் போலவே பேசியிருக்கிறார்கள். அதனால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா கண்டது உண்மை. அது பொய்யும் இல்லை, பிதற்றலும் இல்லை. ஆனால் அவர் வேறோர் உலகத்துக்குப் போய் வந்தார் என்பதற்கு அது சான்றாகாது. இந்த இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்ல முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

"இதயம் நின்றது" என்பதையும் "இறந்தார்" என்பதையும் நாம் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். இதயம் நின்றால் பத்து, இருபது நொடிகளில் நினைவு தப்பிவிடும். இ.இ.ஜி. கருவியில் மூளையின் மின்னலைகள் தணிந்து நேர்கோடாகும். நான்கைந்து நிமிடங்களில் மூளைச் செல்களுக்குக் கேடு தொடங்கும். தொடங்கும் என்றுதான் சொல்கிறேன். அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நம் ஊர்களில் கண் தானம் எடுக்க வருகிறவர்கள் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள் என்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வீட்டில் உடலைக் கிடத்தி விளக்கேற்றியாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வந்து அழுகிறார்கள், ஆனால் கருவிழியின் மேற்படலத்தில் இருக்கும் செல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதனால்தான் அது இன்னொருவர் கண்ணில் போய் வேலை செய்கிறது.

2019-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நெனாத் செஸ்தான் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட பன்றிகளின் மூளைகளை வாங்கி வந்து, இறந்து நான்கு மணி நேரம் ஆன பிறகு, இரத்தத்துக்குப் பதிலாக ஒரு திரவத்தை ஆறு மணி நேரம் அவற்றில் ஓடவிட்டார்கள். செல்கள் மறுபடி சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டன. இரத்தக் குழாய்கள் மருந்துக்கு ஏற்றபடி விரிந்தன. ஆனால் உணர்வு இருப்பதைக் காட்டும் ஒருங்கிணைந்த மின்னியக்கம் மட்டும் எழவே இல்லை. அந்தத் திரவத்தில் நரம்பு இயக்கத்தை அடக்கும் மருந்தும் சேர்க்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல்லின் உயிர் ஒரு கணக்கு, ஆளின் உயிர் வேறொரு கணக்கு என்பதை இந்தச் சோதனையைப் போலத் துலக்கமாகக் காட்டிய வேறொன்றை நான் அறியேன்.

குளிர் இந்த எல்லையை இன்னும் தள்ளிவைக்கும். 1999-இல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓர் இளம் பெண் மருத்துவர் உறைந்த ஓடையில் விழுந்து, பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். வெளியே எடுத்தபோது மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. டிரோம்ஸோ நகர மருத்துவமனையில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றி உள்ளே செலுத்தினார்கள். அவர் பிழைத்து, மறுபடி மருத்துவப் பணிக்கே திரும்பினார். நாடி பிடித்துப் பார்த்துக் கைவிட்டிருந்த காலத்தில் அவரை இறந்தவர் என்றே எழுதியிருப்பார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சி மூளைச்சாவு: இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மூளையோ மீளமுடியாதபடி செயலற்றுப்போயிருக்கும். 1968-இல் ஹார்வர்டு குழு ஒன்று அதற்கான அளவுகோலை வகுத்தது. இந்தியாவில் 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டம் அதை மரணமாக ஏற்றது. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனைகள் செய்ய வேண்டும். வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்று நிமிடக் கணக்கில் காத்திருப்பது அவற்றில் ஒன்று. அந்த நிமிடங்களில் அந்த அறையில் யாரும் பேசமாட்டார்கள். வெளியே வந்து குடும்பத்தாரிடம் சொல்லும்போது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "கால் சூடாக இருக்கிறதே டாக்டர்?" அவருக்கு நான் சொன்ன விளக்கம் மருத்துவப்படி சரியானது. அந்தச் சூட்டைத் தொட்டுக்கொண்டிருந்த கைக்கு அது போதவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். உங்கள் அப்பாவின் இதயம் நின்றது, அவர் இறந்துவிடவில்லை. மீண்டவர்களின் கதைகள் எல்லாமே எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் கதைகள். முழுக்க இறந்த மூளையிலிருந்து திரும்பி வந்து பேசியவர் என்று மருத்துவ ஏடுகளில் ஒருவர்கூட இல்லை.

சரி, அந்தக் கதைகளை யாராவது முறையாக எண்ணிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். நெதர்லாந்தின் இதய மருத்துவர் பிம் வான் லொம்மல், பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரைச் சந்தித்துக் கேட்டு, 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர்களில் 62 பேர், அதாவது 18 விழுக்காட்டினர், ஏதோ ஒன்றைக் கண்டதாகச் சொன்னார்கள். ஒளி, அமைதி, இறந்த உறவினர்கள், தம் உடலைத் தாமே வெளியிலிருந்து பார்த்தது போன்றவை. மற்றவர்களுக்கு எதுவும் நினைவில்லை. இந்த 82 விழுக்காட்டினரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

அந்தக் கட்டுரையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. நினைவில்லாமல், உடல் நீலம் பாரித்த நிலையில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். வாயில் குழாய் போடுவதற்காகச் செவிலியர் அவருடைய பல்செட்டைக் கழற்றி மருந்து வண்டியில் வைக்கிறார். ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து அந்த நோயாளி அதே செவிலியரைப் பார்த்ததும், "என் பல்செட் எங்கே என்று இவருக்குத்தான் தெரியும்" என்கிறார். மேலே இருந்து பார்த்ததாகச் சொல்கிறார். நான் முதலில் படித்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் எனக்கு ஒரு சொந்த அனுபவம் இருக்கிறது. ஓர் இரவு ஒருவரின் மார்பை நான் அழுத்திக்கொண்டிருந்தேன். மானிட்டரில் இதயத் துடிப்பு கிடையாது. நான்காவது நிமிடமோ ஐந்தாவது நிமிடமோ அவருடைய வலது கை எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி உறுதியாக இருந்தது; விரலை விலக்க வேண்டியிருந்தது. நான் அழுத்துவதை நிறுத்தினால் கை தொய்ந்து விழும், மறுபடி அழுத்தினால் எழும். நன்றாகச் செய்யப்படும் மார்பு அழுத்தத்தால் வழக்கமான இரத்த ஓட்டத்தில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ கிடைக்கும். சிலருக்கு உணர்வின் ஓர் ஓரத்தை எழுப்பிவிட அது போதும். கண் மூடியிருந்தாலும் காது கேட்கும். வாயிலிருந்து எதையோ எடுப்பது தெரியும். அந்த டச்சுக்காரருக்கு நடந்ததும் இதுவே என்று நான் சாதிக்கமாட்டேன். இதயம் நின்றிருந்தது என்பதாலேயே மூளையும் நின்றிருந்தது என்று கொள்ள முடியாது என்பதை மட்டும் என் மணிக்கட்டு அறியும்.

மேலே இருந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள் அல்லவா, அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சாம் பார்னியா என்ற மருத்துவர் அதைத்தான் செய்தார். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் 15 மருத்துவமனைகளில் கூரைக்குப் பக்கத்தில் பலகைகள் பொருத்தி, மேலே இருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி படங்களை வைத்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. இதயம் நின்ற நிகழ்வுகள் 2,060. பிழைத்துப் பேட்டி கொடுக்க முடிந்தவர்கள் 140 பேர்தான். அவர்களில் அடுத்த கட்டப் பேட்டியையும் முடித்த 101 பேரில், தம்மைச் சுற்றி நடந்ததைப் பார்த்தும் கேட்டும் நினைவில் வைத்திருந்தவர்கள் 2 விழுக்காடு. ஒருவர் சொன்னது அறையில் நடந்தவற்றோடு ஒத்துப்போனது. ஆனால் அந்த அறையில் பலகை இல்லை. 2023-இல் வந்த அடுத்த ஆய்வில் 567 பேர். பிழைத்தவர்கள் 53, பேட்டி கொடுத்தவர்கள் 28. கணினித் திரையில் படம் காட்டினார்கள், காதில் பழங்களின் பெயர்களை ஒலிக்கவிட்டார்கள். படத்தைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பழப்பெயர்களைச் சரியாகச் சொன்னவர் ஒருவர். கண் காணவில்லை, காது கேட்டிருக்கலாம் என்பதுதான் இதுவரை கையில் இருக்கும் கணக்கு. ஒருவரை வைத்து அதற்கு மேல் எதையும் கட்ட முடியாது. மீட்பு முயற்சி தொடங்கி முப்பது நிமிடத்துக்குப் பிறகும்கூடச் சிலருடைய இ.இ.ஜி.யில் விழிப்பு நிலைக்குரிய அலைகள் தலைகாட்டின என்பதும் அதே ஆய்வில் பதிவானது. எனக்கு இதுதான் பெரிய செய்தி. அணைந்துவிட்டது என்று நாம் நினைத்திருந்த நேரத்தில் மூளை அணையவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜிமோ போர்ஜிகின் இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர். 2013-இல் எலிகளின் இதயத்தை நிறுத்தியபோது, முதல் முப்பது நொடிகளுக்குள் அவற்றின் மூளையில் காமா அலைகள் பொங்கி எழுவதைக் கண்டார். கவனமும் நினைவும் கூர்மையாக இயங்கும்போது வருபவை அந்த அலைகள். 2023-இல் வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட நான்கு மனிதர்களின் பதிவுகளை ஆராய்ந்ததில் இருவரிடம் அதே பொங்கல் இருந்தது. அவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை, நால்வருமே இறந்துவிட்டார்கள். உடலைவிட்டு மிதக்கும் உணர்வைப் பொறுத்தவரை, 2002-இல் ஜெனீவாவில் வலிப்பு நோய்க்காக ஒரு பெண்ணின் மூளையில் வலப்பக்கம் ஓரிடத்தில் மின்சாரம் செலுத்தியபோது, தாம் மேலே இருந்து தம் உடலைப் பார்ப்பதாக அவர் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தினால் அந்த உணர்வும் நின்றது.

கிணற்றடிக்கு வருகிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இருந்த சத்வந்த் பஸ்ரிசாவும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இயன் ஸ்டீவன்சனும் 1986-இல் இந்தியாவில் இத்தகைய 16 பேரின் அனுபவங்களைத் தொகுத்தார்கள். மேற்கத்தியர்கள் சொன்ன கதைகளில் உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று உறவினர்கள் திருப்பி அனுப்புவார்கள். இந்தியர்களின் கதைகளில் யமனின் ஆட்கள் வந்து இழுத்துப் போகிறார்கள். அங்கே ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, ஆள் மாறிவிட்டது, வேறொருவரைக் கொண்டுவர வேண்டும் என்கிறார். அதன்பின் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சித்திரகுப்தன் கணக்குப் பார்க்கும் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சித்திரகுப்தன் வருகிறார். உங்கள் அப்பாவுக்கு யமனும் வரவில்லை, மேற்கத்தியர்கள் பலர் சொல்லும் இருண்ட சுரங்கமும் வரவில்லை. அவருக்கே உரிய கிணறு வந்தது, அவருடைய அம்மா வந்தார். மூளை கடைசி நேரத்தில் தன்னிடம் இருந்ததிலேயே ஆழமானதை எடுத்தது என்று நான் நினைக்கிறேன். உங்கள் சித்தப்பா சொல்வதுபோல மருந்து மயக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மருந்தாலும் சுரத்தாலும் வரும் குழப்பத்தை நான் நாள்தோறும் பார்த்தவள். அதில் பூச்சி ஊரும், யாரோ கொல்ல வருவார்கள், மறுநாள் கேட்டால் துண்டு துண்டாகத்தான் சொல்வார்கள். கிணற்றடிக் கதை அந்த வகை இல்லை.

உங்கள் அத்தை சொன்னதை நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கு சரியில்லை. உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடல் கிட்டத்தட்ட நூறு வாட் அளவுக்கு வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. சோற்றிலிருந்து வந்த ஆற்றல் அது. இறந்தபின் உடல் மெல்லக் குளிர்ந்து அறையின் வெப்பத்துக்கு வருகிறது. ஆற்றல் துளியும் அழியவில்லை, அறைக் காற்றில் கலந்துவிட்டது. அகல்விளக்கின் எண்ணெய் தீர்ந்தால் அது தந்த வெப்பம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் சுடர் எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை. சுடர் ஒரு பொருள் இல்லை. எண்ணெயும் திரியும் காற்றும் கூடி நடந்துகொண்டிருந்த ஒரு நிகழ்ச்சி. 1907-இல் டங்கன் மக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் சாகும் நிலையில் இருந்த ஆறு பேரைத் தராசில் கிடத்தி, உயிருக்கு 21 கிராம் எடை என்று எழுதினார். ஆறில் ஒருவரிடம் வந்த எண் அது. அதை யாராவது உங்களிடம் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

இந்த வாதம் நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துப் பூதவாதி, அதாவது எல்லாமே பூதங்களின் சேர்க்கைதான் என்பவன், இதைத்தான் பேசுகிறான். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் சேர்த்துக் காய்ச்சினால் தனித்தனியே எதிலும் இல்லாத களிப்பு மதுவில் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும், பிரியும்போது போய்விடும் என்கிறான். இந்தப் பிறவி மட்டுமே உண்டு என்கிறான். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன், அனுமானம் வேண்டாம் என்றும் சொல்கிறான். மணிமேகலை சிரித்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். பதினைந்து நூற்றாண்டு கழித்தும் இருவரிடமும் எனக்கு மதிப்பு இருக்கிறது. உணர்வைப் பற்றி இன்றைய நரம்பியல் சொல்வது பூதவாதியின் மதுவுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. நான் அங்கே போய்ச் சேர்வதோ மணிமேகலை கேட்ட அனுமானத்தின் வழியாக.

என் அனுமானத்துக்கு அடிப்படை, மறதி நோய் வந்தவர்கள். எனக்கு மிக நெருங்கிய ஒருவருக்கு அது வந்தது. முதலில் நேற்று போனது. பிறகு பேரக் குழந்தைகளின் பெயர்கள் போயின. பிறகு மகள் போனாள், அவளைப் பார்த்து, "நீ எந்த வீட்டுப் பெண்?" என்று அன்பாகவே கேட்டார். மூளையின் ஸ்கேன் படத்தில் எந்தப் பகுதி சுருங்கியிருந்ததோ அதற்கேற்பவே அவரிடமிருந்தும் போனது. மூளையில் கொஞ்சம் தேய்ந்தால் நினைவில் கொஞ்சம் போகிறது, பாதி தேய்ந்தால் பாதி போகிறது என்றால், முழுவதும் சாம்பலான பிறகு முழு நினைவும் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நான் எப்படிக் கொள்வேன்? மறுமை இல்லை என்று நினைக்க என்னைத் தள்ளிய காரணங்களில் பெரியது இதுதான். வருத்தத்தோடுதான் சொல்கிறேன். என் அம்மாவை மறுபடி பார்க்கலாம் என்றால் எனக்கும் வேண்டும்.

ஆனால் செல்களின் மின்னோட்டம் எப்படி ஒருவருக்கு வலியாகவும் கிணற்றடி வெளிச்சமாகவும் ஆகிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை. 1998-இல் கிறிஸ்டோஃப் காக் என்ற நரம்பியலாளர், இருபத்தைந்து ஆண்டுகளில் அதைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார். அந்த இடைவெளியில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. அங்கே நிற்க விரும்புகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். மேலே சொன்ன ஸ்டீவன்சன் மறுபிறவி நினைவுகளைத் தேடி உலகம் முழுவதும் 2,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் கதைகளைச் சேர்த்தவர். தம் அலுவலகத்தில் ஒரு பூட்டை வைத்து, திறக்கும் குறிச்சொல்லைத் தம் மனதில் மட்டும் வைத்துக்கொண்டார். இறந்தபின் முடிந்தால் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். 2007-இல் காலமானார். அந்தச் சொல்லைக் கொண்டுவந்து யாரும் பூட்டைத் திறந்ததாக அவருடைய துறை அறிவிக்கவில்லை. அவர் தம் கொள்கையைத் தாமே சோதனைக்கு வைத்தவர். அப்பாவோடு பேசவைக்கிறேன் என்று உங்களிடம் பணம் கேட்டு வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. துக்கம் பச்சையாக இருக்கும் இந்த நாட்களில்தான் அவர்கள் வருவார்கள். ஒருவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல நினைக்கிறேன். அப்பாவின் கடைசி இரவில் அவர் கண் திறக்காமல் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் காதருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்ததாகவும், அது வீண்தானோ என்று இப்போது தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். 2020-இல் கனடாவின் வான்கூவரில், அந்திமக் காப்பகத்தில் இருந்தவர்களின் தலையில் இ.இ.ஜி. தொப்பி அணிவித்து ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். அசைவோ பதிலோ இல்லாமல், இறப்புக்குச் சில மணி நேரமே இருந்த நிலையிலும், சிலருடைய மூளை நலமுள்ள இளைஞர்களின் மூளையைப் போலவே அந்த ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது. சொன்ன சொல் புரிந்ததா என்பதை அந்தக் கருவி சொல்லாது. ஒலி உள்ளே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். உங்கள் குரல் அவருக்கு எழுபத்தொரு வயதில் மிகப் பழகிய ஒலிகளில் ஒன்று.

கிணற்றடிக் கதையை அவர் சொன்ன சொற்களிலேயே, நாளும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்னும் மூன்று மாதம் போனால் நம்மை அறியாமலே அதில் நம் சொற்கள் கலந்துவிடும். அந்தக் கிணறு எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தது என்று அத்தைக்குத் தெரிந்திருக்கும். கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.